ஒன்பது மைக்ரான் மைசூர்

மத்தூர் தாண்டியதும் பெட்டி முழுக்க வடை வாசனை. தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் மடங்கிக் கிடந்த கூட்டம் கண்விழித்து ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்டவாளத்தை ஒட்டி வரும் சின்னச் சின்னக் கற்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கேபிள் மார்க்கர் கற்கள். தொலைபேசி இலாகாவில் காலம் தள்ளியவன் கண்ணுக்கு அவை தப்பாது. ரயில்வே தன் தண்டவாளங்களின் ஓரத்தில் கண்ணாடி இழையைப் புதைத்து, அதற்கென்றே 2000-இல் ரயில்டெல் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 60,000 கிலோமீட்டருக்கு மேல் அந்த இழை ஓடுகிறது. மண்டியாவின் கரும்புக் காட்டை நாம் வேடிக்கை பார்க்கிற நேரத்தில், ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளி மண்ணுக்கடியில் யாரோ பார்க்கும் சினிமாவும் யாரோ செய்யும் ஆராய்ச்சியும் நம்மை முந்திக்கொண்டு போகின்றன. பெங்களூரிலிருந்து மைசூர் வர ரயிலுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம். இழைக்குள் ஓடும் ஒளிக்கு ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட முழுசாக வேண்டாம்.

அக்கா மகன் கூப்பிட்டுத்தான் போனேன். கல்லூரி வளாகங்களுக்கு நெட்வொர்க் போட்டுத் தரும் ஒரு சிறிய ஒப்பந்ததாரரிடம் அவனுக்கு வேலை. “மாமா, இங்க ஒரு கேம்பஸ்ல பழசை எல்லாம் உருவிட்டுப் புதுசா இழுக்கிறோம். ஆராய்ச்சி டேட்டாவுக்குன்னு தனி ரூட்டே போடுறோம். உங்க காப்பர் கேபிள் காலம்னு நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க, வந்து பாருங்க” என்றான். அந்தக் கடைசிப் பேச்சு சுருக்கென்றது. உடனே டிக்கெட் போட்டுவிட்டேன்.

எந்த வளாகம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் பையனுக்கு அடுத்த வேலை கிடைக்காது. ஊகித்துப் பார்க்கிறவர்களும் களைத்துப்போவார்கள், அத்தனை வளாகங்கள் இந்த ஊரில். செலுவாம்பா மாளிகையில் 1950-இல் தொடங்கிய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகமான சி.எஃப்.டி.ஆர்.ஐ., ராணுவத்தின் சாப்பாட்டை ஆராயும் டி.எஃப்.ஆர்.எல்., பேச்சையும் செவித்திறனையும் ஆராயும் ‘ஐஷ்’, 1969-இல் வந்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், அவற்றோடு பொறியியல் கல்லூரிகள், மருத்துவக் கல்லூரிகள். எல்லாவற்றுக்கும் மூத்ததாக 1916-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது பிறந்த மைசூர் பல்கலைக்கழகம். பிரிட்டிஷார் நேரடியாக ஆளாத பகுதியில் எழுந்த முதல் இந்தியப் பல்கலைக்கழகம் அதுதான்.

முதல் நாள் காலை வேலை ஏதும் இல்லை என்று பையன் என்னை மானசகங்கோத்ரிக்குக் கூட்டிப்போனான். பல்கலைக்கழகத்தின் முதுநிலை வளாகம். பெயர் வைத்தவர் குவெம்பு. மதுரையில் இருந்து போகிறவனுக்கு அந்த மரங்களே போதும், திரும்பி வந்து பத்து நாள் பேச. ஒரு துறைக்கும் அடுத்த துறைக்கும் இடையில் அரைக் காட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. எனக்கு உடனே தொழில் புத்தி வந்துவிட்டது: இத்தனை வேருக்கு நடுவில் கேபிள் போகும் டக்ட் குழாயை எப்படிப் போட்டிருப்பார்கள்?

வளாகத்தை ஒட்டியே குக்கரஹள்ளி ஏரி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 1864-இல் வெட்டுவித்தது. கூழைக்கடாக்கள் அசையாமல் மிதக்க, ஷூ போட்ட பெரியவர்கள் கரையைச் சுற்றி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். இந்த ஏரிக்கு ஒரு பழைய கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் பூர்ணய்யா காவிரித் தண்ணீரை மைசூருக்குக் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். அந்த வேலை முடியவில்லை. பின்னாளில் அந்தத் தடம் இந்த ஏரிக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்காலாயிற்று. ஊர் பெருகப் பெருக அதன்மேல் மனைகளும் சாலைகளும் ஏறின. மேட்டில் எவ்வளவு மழை கொட்டினாலும் ஏரிக்குள் வந்து விழும் நீர் குறைந்துபோயிற்று.

“கேம்பஸ் நெட்வொர்க்கும் அதே கதைதான் மாமா” என்றான் பையன். பெரிய தண்ணீர் வாசல்வரைக்கும் வந்துவிட்டது என்பது அவன் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. 1986-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கியபோது அதில் இருந்தவை எட்டே இடங்கள்: அன்றைய ஐ.ஐ.டி.கள் ஐந்து, பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., பம்பாயின் என்.சி.எஸ்.டி., டெல்லியில் மின்னணுவியல் துறை. அந்தக் காலத்தில் 64 கிலோபிட் லைன் என்றால் நாங்களே எழுந்து நின்று மரியாதை செய்வோம். 2010 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 5,990 கோடி ரூபாயில் தேசிய அறிவு வலையமைப்புக்கு, அதாவது என்.கே.என்.னுக்கு, ஒப்புதல் கொடுத்தது. தேசியத் தகவலியல் மையம்தான் அதைக் கட்டியது. முதுகெலும்பில் 10 கிகாபிட்டும் அதன் மடங்குகளும். பல்கலைக்கழகங்களின் வாசலுக்கு 1 கிகாபிட் வரை. என் கணக்கில் அது அன்றைய 64 கிலோபிட் லைனைப்போல் 15,000 மடங்குக்கும் மேல்.

வாசலுக்கு வந்துவிட்டது, சரி. உள்ளே?

மறுநாள் பையன் வேலை செய்யும் வளாகத்தின் உள்ளே போனேன். 90-களில் அந்த வளாகத்தில் முதன்முதலாகக் கண்ணாடி இழை போட்டவர்கள் அன்றைக்கு நல்ல சரக்கைத்தான் போட்டிருந்தார்கள்: 62.5 மைக்ரான் மல்டிமோடு. அந்த நாளின் வேகத்துக்கு அது ராஜபாட்டை. ஆனால் அதே இழையில் இன்றைய வழக்கமான 10 கிகாபிட் சாதனத்தை மாட்டினால் ஒளித்துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து, 30 மீட்டர் தாண்டுவதற்குள் யார் யாரென்று தெரியாமல் போய்விடும். ஒரு கட்டடத்தின் நீளத்துக்கே போதாது. ஆகவே எல்லாவற்றையும் சிங்கிள்மோடாக மாற்றுகிறார்கள். ஒளி ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். பல கிலோமீட்டருக்கு 10 கிகாபிட் போகும், சாதனத்தை மாற்றினால் 100 கிகாபிட்டும் போகும். மண்ணைத் தோண்டுவதுதான் செலவு. இழை மலிவு. எனவே 6 இழை தேவைப்படும் இடத்தில் 24 இழை போடச் சொல்லிப் பையன் சண்டை போட்டிருக்கிறான். இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று இங்கே பதிவு செய்கிறேன்.

பாதாளத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். சிமென்ட் மூடியைத் தூக்கியதும் வேப்ப வேர் ஒன்று டக்ட் குழாயைச் சுற்றி இறுக்கியிருந்தது. இரண்டு கட்டடங்களுக்கு இடையில் இன்னும் பழைய செப்புக் கேபிள்கூட இருந்தது. மின்னல் வெட்டினால் இரண்டு பக்கத்து சுவிட்சும் சேர்ந்து சாகும். கண்ணாடிக்கு அந்தப் பயம் கிடையாது. எலிக்குத்தான் பயப்பட வேண்டும், அதனால் இரும்புக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிள். எலியைவிடப் பெரிய எதிரி ஜே.சி.பி. அதற்கு இதுவரை எந்தக் கவசமும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இவ்வளவு பாடும் யாருக்காக என்று நான் கேட்டதற்குப் பையன் ஒரு ஆய்வு மாணவியை அறிமுகப்படுத்தினான். தர்மபுரிப் பெண். புரதங்களின் வடிவத்தை ஆராய்கிறவர். படிகங்களை ஆராயும் வேலை மைசூருக்குப் புதிதல்ல. திரவப் படிகங்களின் ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்ற எஸ். சந்திரசேகர் 1961-இல் இங்கே இயற்பியல் துறைக்கு வந்து பத்தாண்டு இருந்தார். மானசகங்கோத்ரி இயற்பியல் துறையில் தேசிய ஒற்றைப்படிக எக்ஸ்கதிர் அளவீட்டு மையமே இருக்கிறது. ஒரு கடுகளவு படிகத்தில் எக்ஸ்கதிரைப் பாய்ச்சி, சிதறும் புள்ளிகளைப் படமெடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு அணுவும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வித்தை.

“முன்னாடி எல்லாம் ஒரு படிகத்துக்கு ஒரு சி.டி. போதும்பாங்க சார்” என்றார் அந்தப் பெண். “இப்ப பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆராய்ச்சி வளாகத்துல இருக்கிற, புரதத்தை உறையவெச்சுப் படமெடுக்கிற கிரையோ மைக்ராஸ்கோப்ல ஒரு நாள் உட்கார்ந்தா டெராபைட் கணக்குல வருது.”

“அதை எப்படிம்மா இங்க கொண்டு வர்றீங்க?”

“ஹார்ட் டிஸ்க்ல சார். ஐராவத பஸ்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. 4 டெராபைட் டிஸ்க் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் மைசூர் வந்து இறங்கினால், வினாடிக்குச் சுமார் 3 கிகாபிட். என்.கே.என். லைனைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் கர்நாடக அரசுப் பேருந்து ஓடுகிறது! ஆனால் இந்தக் கணக்கில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. டிஸ்க்கில் ஏற்ற ஒன்பது மணி நேரம், இறக்க ஒன்பது மணி நேரம் ஆகும். எல்லாம் கூட்டினால் இருபத்தொரு மணி. ஒழுங்காக ஓடும் 1 கிகாபிட் லைனில் அதே 4 டெராபைட் ஒன்பது மணி நேரத்தில், யாருடைய முதுகும் வலிக்காமல் வந்துவிடும். ஒழுங்காக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு விந்தையையும் அவர் சொன்னார். பிரான்ஸில் கிரெனோபிள் என்ற ஊரில் ஈ.எஸ்.ஆர்.எஃப். என்ற ராட்சத எக்ஸ்கதிர் வளையம் இருக்கிறது. இந்திய ஆய்வாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். படிகங்களைத் திரவ நைட்ரஜன் குளிரில் வைத்து விமானத்தில் அனுப்பிவிட வேண்டும். அங்கே ஒரு ரோபோ கை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டும். ஆய்வாளர் தன் ஊரில் உட்கார்ந்தபடி, திரையைப் பார்த்து, படிகத்தைத் திருப்பு, கதிரைத் திற என்று கட்டளை கொடுப்பார். ஆல்ப்ஸ் மலையடியில் உறைந்து கிடக்கும் ஒரு தூசியளவுப் படிகத்தைத் தென்னிந்தியாவிலிருந்து ஒருவர் திருப்புகிறார். பழைய ஸ்ட்ரௌஜர் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் டயல் சுற்றும் சத்தம் கேட்டு வேலைக்குச் சேர்ந்தவன் நான். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

சாயங்காலம் ஸ்ப்ளைஸிங், இழையோடு இழையை ஒட்டும் வேலை. இதற்காகவே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். இழையின் மேல்பூச்சை உரித்தால் 125 மைக்ரான் கண்ணாடி, தலைமுடியைவிடச் சற்றுத் தடிமன். ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் வைத்து ஒரு ‘டிக்’. இரண்டு முனைகளையும் இயந்திரம் தானே நேர்படுத்தி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடுகிறது. திரையில் இழப்பு 0.02 டெசிபல் என்று வந்தது. செப்புக் காலத்தில் மழைக்குத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, 400 ஜோடியையும் நிறம் பார்த்து முறுக்கி, ஈயக் குழாயைச் சூடேற்றி மூடியவர்களுக்கு இது தேவலோகம்.

பிறகு பையன் ஒரு சின்ன நுண்ணோக்கியை எடுத்து, ஏற்கெனவே ரேக்கில் மாட்டியிருந்த ஒரு பேட்ச் கார்டின், அதாவது குட்டி இணைப்பு இழையின், முனையைக் காட்டினான். நடுவில் அந்த 9 மைக்ரான் வட்டம். அதன் விளிம்பில் நிலவில் குழி போல ஒரு தூசி.

“இந்த லைன் வேலை செய்யுதா?” என்றேன்.

“ஜம்முனு செய்யுது மாமா. வாட்ஸ்அப் போகுது, யூடியூப் ஓடுது. ஒருத்தர்கூட கம்ப்ளெயின்ட் குடுக்கல. அதுதான் ஆபத்து.”

அந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள நான் இரவு முழுக்கப் படிக்க வேண்டியிருந்தது. அதற்கு 1986-க்குத் திரும்பிப் போக வேண்டும். நம் எர்நெட் பிறந்த அதே ஆண்டு அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், 32 கிலோபிட் போய்க்கொண்டிருந்த தொடர்பு 40 பிட்டாகச் சரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்ப, வழியில் தொலைந்ததை எல்லோரும் மறுபடி மறுபடி அனுப்ப, பாதையே அடைத்துக்கொண்டது. அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட வழிமுறை இன்றும் உலகின் கணினிகளில் ஏதோ ஒரு வடிவத்தில் ஓடுகிறது. தரவைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும் பொட்டலங்களில் ஒன்று தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று எடுத்துக்கொள், உடனே உன் வேகத்தைப் பாதியாகக் குறை, பிறகு மெல்ல மெல்ல ஏற்று.

தொலைந்தது நெரிசலால் அல்ல, ஒரு தூசியால் என்றால்? கணினிக்குத் தெரியாது. அது பணிவாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். எதிர்முனை எவ்வளவு தூரமோ அவ்வளவு மெதுவாகத்தான் மீண்டும் ஏறும், ஏனென்றால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அங்கிருந்து பதில் வந்தாக வேண்டும். அமெரிக்க ஆய்வகங்களை இணைக்கும் ஈ.எஸ்.நெட் வலையமைப்பில் ஒருமுறை ஒரு ரவுட்டர் அட்டை 22,000 பொட்டலத்துக்கு ஒன்றைத் தொலைத்துக்கொண்டிருந்தது. சாதனம் தன் பிழைக் கணக்கில் அதைக் காட்டவே இல்லை. இருபத்திரண்டாயிரத்தில் ஒன்று! எங்கள் காலத்தில் இந்தத் தரத்துக்குப் பதக்கம் கொடுத்திருப்பார்கள்.

பொட்டலம் தொலைவதிலிருந்து வேகத்தைக் கணக்கிட 1997-இல் மேதிஸும் அவர் கூட்டாளிகளும் தந்த சூத்திரத்தில் இந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான 1500 பைட் பொட்டலம். பெங்களூருக்குப் போய்வர 5 மில்லிசெகண்டு என்று வைத்தால் ஒரு இணைப்பு சுமார் 350 மெகாபிட் போகும். கிரெனோபிளுக்கு 150 மில்லிசெகண்டு என்று வைத்தால் 11 மெகாபிட் சொச்சம். லைன் 1 கிகாபிட்டா, 100 கிகாபிட்டா என்பது அங்கே கணக்கிலேயே வரவில்லை. காசு கொடுத்து லைனைப் பெரிதாக்கினாலும் அதே 11 மெகாபிட்தான். புதிய வழிமுறைகள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கின்றன என்பது உண்மை. ஆனாலும் தூசி தூசிதான்.

இந்த இடத்தில் ஒரு தமிழன் மைசூரில் நினைக்காமல் இருக்க முடியாத ஒன்று நினைவுக்கு வந்தது. கல்வெட்டுப் படிகள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-இல் ஊட்டியிலிருந்து மைசூருக்கு வந்தது. நம் கோயில் சுவர்களிலிருந்து காகிதத்தில் மையொற்றி எடுத்த பல்லாயிரம் தமிழ்ப் படிகள் அதோடு இங்கே வந்து சேர்ந்தன. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்ற உத்தரவிட்டது நினைவிருக்கலாம். 2023-24 மத்திய பட்ஜெட்டில், முதல் கட்டமாக ஒரு லட்சம் கல்வெட்டுகளை மின்னுருவாக்கப்போவதாக அறிவித்தார்கள். எழுத்தின் கீறல் தெரியும்படி ஒரு படியை 300 மெகாபைட்டுக்கு வருடுவதாக வைத்துக்கொள்வோம். லட்சம் படிக்கு 30 டெராபைட். அதைச் சுவடியியலுக்குப் பேர்போன ஹாம்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். சுத்தமான 1 கிகாபிட் பாதையில் மூன்று நாளுக்குள் போய்விடும். நுண்ணோக்கியில் நான் பார்த்ததுபோல் ஒரு தூசி 22,000-த்தில் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தால், அதே லைனில், ஒரே இணைப்பில் அனுப்பினால், எட்டு மாதம். ராஜராஜனின் மெய்க்கீர்த்தி எட்டு மாதம் வரிசையில் நிற்கும், யாரும் கம்ப்ளெயின்ட் கொடுக்காமலே.

மைசூருக்கு இப்படி வந்து சேர்ந்த சரக்குகளில் பெரியது ஒன்று உண்டு. தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் கிரந்த எழுத்தில் இருந்த ஒரு ஓலைச்சுவடிக் கட்டை இங்குள்ள கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார். நூலகத்தின் ஆர். சாமசாஸ்திரி 1905-இல் அது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டுகொண்டு 1909-இல் பதிப்பித்தார். அதுவரை உலகம் தொலைந்துவிட்டது என்று நினைத்த நூல். அந்த நிறுவனம் இன்றும் மைசூர் பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது. மாலையில் அதன் முன்னால் சற்று நேரம் நின்றேன். கொண்டுவந்து கொடுத்த பண்டிதரின் பெயரைச் சாலையில் கேட்டால் யாருக்கும் தெரியாது. சுவடிக்கட்டு ஒரு பூச்சி அரிக்காமல் வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

ஒண்டிக்கொப்பல் பக்கமும் ஒரு நடை. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமி 1935 செப்டம்பர் 10 அன்று அங்கே தன் வீட்டிலிருந்தே ஒரு சிறிய ஒலிபரப்பி வைத்து வானொலி நடத்தத் தொடங்கினார். அதற்கு இடப்பட்ட ஆகாசவாணி என்ற பெயர்தான் பிற்பாடு நாட்டின் வானொலிக்கே பெயராயிற்று. ஒரு பேராசிரியர் தன் வீட்டையே வானொலி நிலையமாக்கிய ஊர் இது. இன்றைக்கு அப்படி ஒரு பேராசிரியர் கிளம்பினால் முதலில் கணினி மையத்தின் அனுமதி வாங்க வேண்டும் என்று பையன் சொன்னான். அவன் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. காரணம் அடுத்த நாள் தெரிந்தது.

ஃபயர்வால். வளாகத்துக்குள் வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்து அனுப்பும் பெட்டி. ஆயிரக்கணக்கான மாணவர்களின் சின்னச் சின்னப் போக்குவரத்தைப் பல செயலிகளுக்குப் பங்கிட்டுச் சமாளிக்கும்படி கட்டப்பட்டது. ஆராய்ச்சித் தரவு அப்படி வராது. ஒரே தாரையாகக் கொட்டும். அது ஒரே ஒரு செயலியின் தலையில் விழ, அதன் சிறிய நினைவகம் நிறைந்து வழிய, பொட்டலங்கள் தொலையும். மறுபடியும் பெர்க்லி விதி, மறுபடியும் பாதி வேகம். இதற்கு வழி சொன்னவர்களும் அதே பெர்க்லி ஆய்வகத்தில் இயங்கும் ஈ.எஸ்.நெட்காரர்கள்தான். சயன்ஸ் டி.எம்.இசட். என்ற பெயரில் 2013-இல் கட்டுரையாக எழுதினார்கள். வளாகத்தின் எல்லை ரவுட்டரை ஒட்டியே ஒரு தனிப் பாதை. அதில் தரவை வாங்கவும் அனுப்பவும் மட்டுமே ஒரு கணினி. பாதை சுத்தமாக இருக்கிறதா என்று இரவு பகலாக அளந்துகொண்டிருக்க பெர்ஃப்சோனார் என்ற இலவச மென்பொருள். ஃபயர்வால் பக்கத்திலேயே வேண்டாம்.

“ஃபயர்வாலைச் சுத்திக்கிட்டு ஒரு பாதையா? என் சர்வீஸ்ல நடக்காது” என்று கணினி மையத்துப் பெரியவர் கூட்டத்தில் சொன்னாராம். அவர்மேல் எனக்கு மரியாதைதான். நாளைக்கு யாராவது உள்ளே புகுந்தால் மெமோ வருவது அவருக்குத்தான், கட்டுரை எழுதியவர்களுக்கு வராது. பையன் எப்படிச் சமாளித்தான் என்று கேட்டேன். அந்தக் கணினியில் மின்னஞ்சல் கிடையாது, பிரவுசர் கிடையாது, இன்ன இன்ன ஆய்வகங்களின் முகவரிகளைத் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி ரவுட்டரிலேயே பட்டியல் போட்டாயிற்று. விடுதியில் வைரஸோடு அலையும் ஐந்தாயிரம் லேப்டாப்புகளைக் காக்கும் பூட்டும் இந்த ஒற்றைக் கணினியைக் காக்கும் பூட்டும் ஒன்றாக இருக்க அவசியமில்லை என்று வரைந்து காட்டியிருக்கிறான். ஒரு மாதம் வரைந்திருக்கிறான். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டது அந்தத் தர்மபுரிப் பெண் பஸ்ஸில் டிஸ்க் கொண்டுவரும் கதையைக் கேட்ட பிறகு. தொலைந்தால் மூன்று வருட வேலை போகும், அதற்கு எந்தப் பூட்டும் இல்லையே என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

பழைய பாதையிலிருந்து புதியதற்கு மாற்றும் கட்ஓவர் ராத்திரி பத்து மணிக்கு. விடுதிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போயிருந்தது. இருந்தாலும் பத்தே காலுக்குள் மூன்று போன், கிரிக்கெட் நின்றுவிட்டதென்று. ரேக் அறையில் நாலு பேர் நிற்கத்தான் இடம். ஏ.சி. காற்று எலும்பைத் தொட்டது. பையன் பழைய பேட்ச் கார்டுகளை ஒவ்வொன்றாக உருவி, புதியதின் முனையைத் துடைத்து, நுண்ணோக்கியில் பார்த்து, அதற்குப் பிறகே மாட்டினான். புதுப் பொட்டலத்திலிருந்து எடுத்ததையும் துடைத்தான். “கம்பெனியிலிருந்து வர்றதும் தூசியோடதான் மாமா வரும்” என்றான். ஓ.டி.டி.ஆரில் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து, ஒவ்வொரு ஒட்டும் எத்தனையாவது மீட்டரில் இருக்கிறது, எவ்வளவு தின்கிறது என்று பார்த்தோம். கோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. வேப்ப வேர் இருந்த இடம்கூடத் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு முதல் சோதனை, பெங்களூரில் ஒரு ஆய்வகத்தோடு. பழைய பாதையில் நூறைத் தொடத் தவித்த எண் 940 மெகாபிட்டில் போய் நின்றது. 1 கிகாபிட் லைனில் முகவரி எழுதும் செலவு போக மிஞ்சுவது அவ்வளவுதான். இதற்குமேல் தர லைனிடமே எதுவும் கிடையாது. அந்தப் பெண் கைதட்டினார். பெரியவர் ஃபயர்வாலின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையான கோப்பை இழுத்தபோது பாதிகூட வரவில்லை.

லைன் சுத்தம், நம் பக்கத்து டிஸ்க் வேகமானது. ஆக, கோளாறு அந்தப் பக்கம். ஒரு வளாகம் மட்டும் திருந்தினால் போதாது என்று ஈ.எஸ்.நெட்காரர்கள் எழுதியிருப்பதை நான் படித்திருந்தேன், சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பையன் ஏற்கெனவே போனை எடுத்திருந்தான். “அண்ணா, தூங்கிட்டீங்களா?”

தூங்கவில்லை. பெங்களூர்க்காரர் திருநெல்வேலிப் பக்கம் போலிருக்கிறது. அவரும் ரேக் அறையில் நின்றுகொண்டு, தன் பங்குக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார். அவர் பக்கம் டிஸ்க்குகள் பழசு என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் பொட்டலத்தின் அளவை மாற்றுங்கள், 1500 பைட்டை விட்டுவிட்டு 9000 பைட்டுக்கு வாருங்கள், ஆறு மடங்கு லாபம் என்றார். நடுவில் ஒரே ஒரு சுவிட்ச் அதை ஏற்காவிட்டால் மொத்தமும் நின்றுபோகும், எல்லாவற்றையும் யார் சோதிப்பது என்று பையன் கேட்டான். நேற்றே சோதித்தாயிற்று என்றார் அவர். எழுதிக் கொடுங்கள் என்றான் இவன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பெரியவரும் உள்ளே நுழைந்து கன்னடத்தில் தன் கட்சியைச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கும் இதில் ஒரு கட்சி இருந்தது. 1500-லேயே இருக்கட்டும் என்பது. கேட்பாரில்லை.